வாயடங்கிய வார்டு

ஐம்பதுகளில் நான் செங்கல்பட்டில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்குள் தாய்மாருக்கு இடம் கிடையாது. புதனும் ஞாயிறும் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை வந்து பார்க்கலாம். ஐந்தானதும் ஹெட் சிஸ்டர் கைமணியை ஆட்டுவார். பிள்ளை அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கதறினால், அந்தப் பிடியை விரல் விரலாகப் பிரித்துவிடுவது எங்களைப் போன்ற இளம் நர்ஸுகளின் வேலை. அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

தாய்மார் கிருமி கொண்டுவருவார்கள் என்பது ஊரறியச் சொன்ன காரணம். ஹெட் சிஸ்டருக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருந்தது. "அம்மாவப் பாத்தா அழறது. பாக்காட்டா அழறதில்ல. இதுக்கு மேல என்ன யோசிக்கணும்?" என்பார். சோறே போடாவிட்டால் பிள்ளை வாந்தி எடுக்காது என்பதைப் போன்ற ஞானம் அது. நாங்கள் பயபக்தியோடு தலையாட்டினோம். பிள்ளைகள் ஓயாமல் அழும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஓய்ந்துவிடும். "படிஞ்சுடுத்து" என்பார் அவர். கஞ்சி போட்ட வேட்டி படிவதைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

கோவளத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். நாலு வயது இருக்கும். கரையில் ஏற்றி வைத்திருந்த கட்டுமரம் உருண்டு தொடை எலும்பு முறிந்திருந்தது. காலை உயரத் தூக்கிக் கட்டி, கயிற்றின் நுனியில் எடையைத் தொங்கவிட்டோம். அப்படியே பல வாரம் மல்லாந்து கிடக்கவேண்டும். அதுவும் நாலாம் நாள் படிந்தது. பிறகு சாப்பிடுவதை நிறுத்தியது. ஊட்டிய கஞ்சி கடைவாய் வழியாக வழியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கும். ரிப்போர்ட் நோட்டில் ஹெட் சிஸ்டர் "அமைதியாக இருக்கிறாள்" என்று எழுதினார். நானும் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை, வார்டைப் பெருக்கவந்த புதிய பெண் அந்தக் கட்டிலுக்கு அடியில் வெகுநேரமாகக் குந்தியிருப்பதைப் பார்த்தேன். கிட்டே போனபோது, குழந்தையின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கி அவள் தலைமுடியைப் பிடித்திருந்தது. அவள் அதன் அம்மா. வழக்கமாகப் பெருக்குகிற ஆயாவிடம் கெஞ்சி, துடைப்பத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கேளம்பாக்கம் வரை நடந்து, அங்கே பஸ் பிடித்து, தினமும்.

"சொல்லிடாதம்மா," என்றாள். "வூட்ல கைக்கொயந்தய வுட்டுட்டு வந்துகினு கீறேன். இத்தப் பாக்காம இருக்க முடியல."

நான் சொல்லவில்லை. பின்னாளில் அதைத் துணிச்சல் என்று பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் பயம். பெருக்குகிறவள் மாறியதைக் கவனிக்கவில்லையா என்று திட்டு முதலில் எனக்குத்தான் விழும்.

இரண்டே நாளில் குழந்தை கஞ்சி குடித்தது. நாலாம் நாள் பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு சண்டை போட்டது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சார்ட்டைப் புரட்டிவிட்டு, தான் எழுதிக்கொடுத்த டானிக்தான் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார். வார்டிலிருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே டானிக்கை எழுதினார். வேண்டுமோ வேண்டாமோ, எல்லாப் பிள்ளைகளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தன.

அந்தக் கட்டில் இருந்த மூலை மட்டும் பளபளவென்று இருப்பதைப் பார்த்துத்தான் ஹெட் சிஸ்டருக்குச் சந்தேகம் வந்தது. அம்மாவைக் கையும் துடைப்பமுமாகப் பிடித்துவிட்டார்.

"இது ஆஸ்பத்திரி. நீ நெனச்சா வர்றதுக்கு உன் குடிசையா?"

"ஆஸ்பத்திரின்னுதான் இட்டாந்தேன்," என்றாள் அவள். குரல் உயரவில்லை. ஹெட் சிஸ்டர் கையிலிருந்த ரிப்போர்ட் நோட்டைக் காட்டினாள். "எம் புள்ள ஒரு வாரமா வாயத் தொறக்காம கெடந்துச்சே. அத்த அந்த நோட்டுல எயிதினியா நீ?"

ஹெட் சிஸ்டரை அதுவரை யாரும் 'நீ' என்று சொன்னதில்லை. அவர் முகம் வெளுத்தது. ஆளை விட்டு அவளை வெளியே தள்ளினார்.

அம்மா போவதைக் குழந்தை பார்த்துவிட்டது. கட்டிய காலோடு எழ முயன்று அலறியது. பக்கத்துக் கட்டில் சேர்ந்துகொண்டது, பிறகு எதிர் வரிசை, பிறகு வார்டு முழுவதும். மாதக்கணக்கில் படிந்து கிடந்த பிள்ளைகள்கூட வாயைத் திறந்தன. நாங்கள் அதட்டினோம், பிஸ்கட் காட்டினோம், ஒன்றும் பலிக்கவில்லை. பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இந்தக் கூச்சலில் என்ன கேட்கும்?

"அந்தப் பொம்பளைய உள்ள விட்டுத் தொலைங்க சிஸ்டர். எனக்குத் தலை வெடிக்கறது."

எங்கள் வார்டில் தாய்மாரை அனுமதித்த வரலாறு இவ்வளவுதான். கருணையுமில்லை, ஆராய்ச்சியுமில்லை, ஒரு டாக்டரின் தலைவலி. மறுநாள் இன்னொரு தாய் "அவளுக்கு மட்டும் எப்படி?" என்று வாசலில் நின்றாள். அவளையும் விட்டார்கள். வருஷம் திரும்புவதற்குள் கட்டிலுக்கு ஒரு பாய் என்று ஆகிவிட்டது.

பல வருஷம் கழித்து ஹெட் சிஸ்டருக்குப் பிரிவுபசார விழா நடந்தது. ரோஜா மாலையோடு மைக் முன்னால் நின்று, தாயின் கை பட்டால்தான் குழந்தை தேறும் என்று அந்தக் காலத்திலேயே தான் போராடியதாகப் பேசினார். பேசும்போது கண்கலங்கியது. டாக்டர் மேடையில் உட்கார்ந்து ஆமோதித்தார். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். கை தட்டினேன். பக்கத்தில் இருந்தவள் நிறுத்தும்வரை தட்டினேன்.

இப்போது நர்ஸிங் படிக்கிற பெண்கள், தாயைப் பிள்ளையோடு வைத்துக்கொள்வதைப் பாடமாகப் படிக்கிறார்கள். யாரோ பெரியவர்கள் கண்டறிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

அந்தக் குழந்தை எலும்பு கூடி, லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற அளவுக்குத் தேறி வீட்டுக்குப் போனது. அம்மா எங்களில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. துடைப்பம் கொடுத்த ஆயாவை மட்டும் சமையற்கட்டு வரை தேடிப் போய், கையைப் பிடித்து நாலு வார்த்தை பேசிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.