கூடுதலாக ஒரு மூட்டை

சென்ற வாரம் பாலக்காட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, நிலையத்தை ஒட்டிய ஹோட்டலில் காபி குடிக்க உட்கார்ந்தேன். வாசலில் ஒரு கரும்பலகை. பரிமாறுகிறவர் வந்து 'பூரி' என்ற வரியை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனார். பூரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் நனைந்த சாக்பீஸின் வாசனை மேசைவரை வந்தது. எனக்குக் கை வேர்த்துவிட்டது. நரை விழுந்த ஒருவன் பூரி தீர்ந்ததற்காக நடுங்குவதை யாராவது கவனித்திருந்தால் நன்றாகச் சிரித்திருப்பார்கள்.

எமர்ஜென்சி காலத்தில் எனக்குக் கொல்லங்கோட்டில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருந்தது. அப்போது கடை வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பலகை மறந்திருக்காது. சரக்கின் பெயர், விலை, இருப்பு மூன்றையும் எழுதி வாசலில் தொங்கவிட வேண்டும். எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் வழக்கு. நான் மலையாளத்தில் ஒரு பத்தி, தமிழில் ஒரு பத்தி என்று பிரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருந்தேன். கடைத்தெருவிலேயே திருத்தமான பலகை என்னுடையதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

எதிர்ப்புறம் பொன்னுச்சாமியண்ணன் கடை. என் கடையைப் போல மூன்று மடங்கு. அவர் யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். அதுதான் பயம். என்னைவிட இருபது வயது மூத்தவர், என்னையும் 'தம்பி, வாங்க போங்க' என்றுதான் பேசுவார். பேசிக்கொண்டே வேலையைக் காட்டிவிடுவார்.

கேசரிப் பருப்பு என்று ஒன்று உண்டு. பார்வைக்குத் துவரம் பருப்பு மாதிரியே இருக்கும். தொடர்ந்து தின்றால் கால் முடங்கிப்போகும் என்று அப்போது எல்லோருக்கும் திகில். நான் கடை திறந்த இரண்டாம் மாதம், பொன்னுச்சாமியண்ணன் சந்தையில் நின்று, உள்ளங்கையில் நாலு கேசரிப் பருப்பை வைத்துக்கொண்டு, "நம்ம தம்பி கடையில வாங்குனதுங். பாவம், அவருக்குத் தெரியாமக் கலந்திருக்குமாட்டருக்குது" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவே. மறுநாள் காலை பத்து மணிக்குள் ஒன்பது பேர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒன்பது என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது.

என்னைக் காப்பாற்றியவர் மாராத்தக்கா. கடையில் பருப்பும் மிளகாயும் புடைக்கிறவர். அன்றிலிருந்து அவர் முறத்தை உள்ளே வைத்துக்கொள்ளவில்லை. கடை வாசலில், வழியை மறித்த மாதிரி உட்கார்ந்து புடைப்பார். மத்தியானம் அங்கேயே மூன்று கல் கூட்டி, கடைப் பருப்பை வேகவைத்துத் தின்பார். யாராவது தயங்கி நின்றால் சீலையை முழங்கால்வரை வழித்துக் காலை நீட்டிவிடுவார். "பாருங்கடி! ரெண்டு மாசமா இதத்தான் திங்கறேன். முடங்குன காலா இது? கொழுசு வாங்கிக் குடுக்க ஆளில்லாத காலு!" சிரிப்போடு வியாபாரமும் திரும்பி வந்தது.

பொன்னுச்சாமியண்ணனும் சிரித்தார். ஒரு நாள் வந்து என் பலகையை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "எழுத்து முத்து முத்தா இருக்குதுங் தம்பி. பலகையப் பத்தரமாப் பாத்துக்கோணும். ஒண்ணு கொறஞ்சாலுங் கேசு, ஒண்ணு கூடுனாலுங் கேசு. முதலமடையில ஒருத்தர் ஊட்டுல யாரோ ஒரு மூட்டையக் கொண்டாந்து வெச்சுட்டாங்களாமா. நான் வெக்கலீன்னு அழுதாராமா. ஆரு நம்பறாங்க?"

அன்றிலிருந்து எனக்கு வந்த பயத்தை எந்தக் கடைக்காரரிடமும் சொல்ல வெட்கம். எல்லோரும் களவு போய்விடுமோ என்று பயப்படுவார்கள். யாராவது கொண்டுவந்து வைத்துவிடுவார்களோ என்று நான் பயந்தேன். பின்கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டேன். காலையில் திறந்ததும், சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பியதும், கடை அடைக்கும்போதும் மூட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஒரு மூட்டைக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்குமோ என்று குனிந்து பார்த்தேன். மாராத்தக்கா, "கோழியக் கூட்டுல அடைக்கறாப்ல எண்ணறீங்களே சாமி, ஒண்ணு முட்டை போட்டாத் தெரியுமா?" என்று கேலி செய்வார். எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு சனிக்கிழமை அது போட்டுவிட்டது.

பொள்ளாச்சி மண்டியிலிருந்து எங்கள் இரண்டு கடைகளுக்கும் ஒரே மாட்டு வண்டியில்தான் பருப்பு வரும். ஒரே சாக்கு, ஒரே முத்திரை. என்னுடைய இருப்பு ஏழு, அன்று வர வேண்டியது நாலு. காலையிலேயே பலகையில் பதினொன்று என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது வண்டி சரக்கை இறக்கிவிட்டுப் போயிருந்தது. எண்ணினேன். பன்னிரண்டு. வலமிருந்து எண்ணினேன். பன்னிரண்டு. பில்லில் நாலு என்றுதான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் பஸ் கண்டக்டர் ஒருவர் தெருவில் சொல்லிக்கொண்டு போனார், சப்ளை ஆபீஸ் ஜீப் புதுநகரத்தில் நிற்கிறது, அடுத்து இங்கேதான் என்று. எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. முதலமடைக் கதை, பொன்னுச்சாமியண்ணனின் சிரிப்பு, ஜீப். பலகையைத் திருத்தலாம், பில்லைத் திருத்த முடியாது. மூட்டையை வெளியே தூக்கினால் சந்தை நாள் கூட்டம் முழுக்கப் பார்க்கும்.

மாராத்தக்கா என் முகத்தைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். "இதுக்கா சாமி இப்படி வேர்க்குது? மூட்டையா இருந்தாத்தானே எண்ணுவாங்க" என்றார்.

பின்பக்கம் போய்த் தெருப் பெண்களைக் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தையலைப் பிரித்து முறத்திலும் முந்தானையிலும் குடத்திலும் அள்ளிக்கொண்டு, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாய்க்கால் வழியாகப் போய்விட்டார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காலிச் சாக்கை நாலாக மடித்து, அதன்மேல் உட்கார்ந்து மாராத்தக்கா மிளகாய் கிள்ளத் தொடங்கினார். "பன்னெண்டாவது மூட்டை மேலதாஞ் சாமி உக்கோந்திருக்கறேன். வேணும்னா வந்து எண்ணச் சொல்லுங்க."

நான் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பொன்னுச்சாமியண்ணன் தெருவைக் கடந்து வந்தார். தோளில் துண்டு இல்லை. அவரைத் துண்டில்லாமல் நான் பார்த்ததே இல்லை. குரல் கீச்சென்று இருந்தது.

"தம்பி, வண்டிக்காரன் இங்க நாலுக்குப் பதிலா அஞ்சா எறக்கிப்போட்டானாட்டருக்குதுங்க. எனக்கு ஒண்ணு கொறையுது. பலகையில இருவதுன்னு எழுதிப்போட்டேன். ஜீப்பு வருதாமுங்க. இருந்தாக் குடுத்துருங் சாமி, நானே தூக்கிக்கிட்டுப் போயிர்றேன்."

என்னைச் சாமி என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. வண்டிக்காரர் கை தவறியிருக்கிறார். பருப்பு இப்போது எட்டு வீடுகளில் இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆபீசர் வரும்போது இரண்டு பேருமாக நின்று, வண்டிக்காரரையும் கூப்பிட்டு, நடந்தது இது என்று விளக்கியிருக்கலாம். அதைச் சொல்ல ஒரு வாய்தான் வேண்டும். எனக்கு அந்த வாய் இல்லை.

"இல்லீங்ண்ணா. பதினொண்ணுதான். பலகையப் பாருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தார். மாராத்தக்கா மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. "பலகை சரியாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பொன்னுச்சாமியண்ணன் திரும்பி நடந்தார்.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. என் கடையில் எண்ணிவிட்டு ஆபீசர், "கரெக்டாணு" என்று மலையாளத்தில் சொல்லிப் பலகையைத் தட்டிக் கொடுத்தார். எதிர்க்கடையில் பத்தொன்பது. காணாமல் போன ஒரு மூட்டையை யாருக்குக் கள்ளத்தனமாக விற்றார் என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. துண்டில்லாமலே ஜீப்பில் ஏறினார். ஏறும்போதும் என் கடையைக் கை காட்டவில்லை. காட்டுவார் என்று காத்துக்கொண்டே நின்றேன். என்னைப் பற்றிப் பொய் சொல்லிப் பழகியவருக்கு, அன்றைக்கு உண்மையைச் சொல்லத் தெரியவில்லை போலிருக்கிறது. அல்லது, என் பலகையை அவரே நம்பிவிட்டாரோ என்னவோ.

கடைத்தெருவில் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். கேசரிப் பருப்பு ஆளுக்கு இது வேண்டும் என்றார்கள். நான் சிரித்துவைத்தேன். அன்றைய நாட்குறிப்பில், 'துவரம் பருப்பு 11. சரி' என்று எழுதியிருக்கிறேன். எத்தனையோ வருட நாட்குறிப்புகளில் அதைவிடத் திருத்தமான கையெழுத்து வேறு பக்கத்தில் இல்லை.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தவர் கடையைத் திறக்கவில்லை. பொள்ளாச்சியில் மகள் வீட்டோடு போய்விட்டார். மாராத்தக்கா அதன்பிறகு கடைக்குள்தான் உட்கார்ந்து புடைத்தார். மூட்டைகளை நான் எண்ணும்போது கேலி செய்வதையும் விட்டுவிட்டார். இப்போது அவரும் இல்லை. என் கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை, எதிரே டெலிபோன் பூத். மூட்டையை யாரும் பலகையில் எழுதுவதில்லை.

எமர்ஜென்சி முடிந்ததும் என் பலகையை நானே ஈரத்துணியால் துடைத்து வைத்தேன். பூட்டிக்கிடந்த எதிர்க்கடை வாசலில் அவருடைய பலகை அப்படியே தொங்கியது. துவரம் பருப்பு, 20. அதைத் துடைக்க ஆளில்லை. தினமும் கடை திறக்கும்போதும் அடைக்கும்போதும் அதற்கு நேராக நின்றேன். தெருவைக் கடந்தால் பத்தடி. அந்த வருடம் நெல்லியாம்பதிப் பக்கமிருந்து வந்த முதல் மழைதான் துடைத்தது.