பௌர்ணமியன்று அளந்த சத்தம்

கைபேசிக் கோபுரம் ஒன்று எழும்புவதற்கு முன்னால், அதனால் அக்கம்பக்கத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. இப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. கீழ்பென்னாத்தூரில் யார் கேட்டாலும் என் மாமியார், "மருமக சத்தம் போடற ஆபீஸ்ல இருக்குது" என்றுதான் சொல்லுவார். வீட்டில் நான் போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுபவள் என்று பெயர் எடுத்திருக்கிறேன். ஆனால் நியாயமாகக் கோபப்பட வேண்டிய ஒரு நாளில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வேலை பெரிய வித்தையெல்லாம் இல்லை. கோபுரம் கட்டும்போது குழி தோண்டுகிற இயந்திரம், கான்கிரீட் கலவை, துளை போடுகிற கருவி. கட்டி முடித்த பிறகு ஜெனரேட்டர், மின்கருவிப் பெட்டிகளைக் குளிரவைக்கும் விசிறி. ஒவ்வொன்றும் எவ்வளவு சத்தம் போடும் என்று செய்தவர்களே அச்சடித்துத் தந்திருப்பார்கள். பக்கத்து வீடு எத்தனை அடி தள்ளி இருக்கிறது, நடுவில் சுவர் உண்டா என்று பார்த்து, அந்த வீட்டு வாசலுக்கு எவ்வளவு வந்து சேரும் என்று கணக்கிடுவேன். பிறகு அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கிற சத்தத்தோடு ஒப்பிட வேண்டும். அதற்காகக் கருவி வைத்து ஒரு நாள் முழுக்க அளப்போம். ஏற்கெனவே உப்புக் கரிக்கிற குழம்பில் இன்னொரு கல் உப்பு விழுந்தால் தெரியாது. அதே மாதிரிதான் இதுவும். இடம் ஏற்கெனவே இரைச்சலாக இருந்தால், புதிதாக வரும் சத்தம் பெரிதாகத் தெரியாது என்று அறிக்கையில் எழுதிவிடலாம்.

எங்கள் தலைமை அலுவலகம் சென்னையில். திருவண்ணாமலை மாவட்டத்துக்கு நான் ஒருத்திதான். அளக்கும் நாளன்று மேலாளர் சென்னையிலிருந்து கருவியோடு வருவார். எப்போது வருவார் என்று கேட்டால் ஊரே சிரிக்கும். பௌர்ணமி பார்த்து வருவார். அலுவலகக் கார், அலுவலகச் செலவில் லாட்ஜ், மாலையில் கருவியை என் தலையில் கட்டிவிட்டு கிரிவலம். "அண்ணாமலையார் கூப்பிடறாரும்மா, நாம இன்னா பண்ண முடியும்" என்பார் பக்திப் பரவசத்தோடு. எனக்கும் அதில் தவறு தெரியவில்லை. வெளியூர்க்காரர்கள் இந்த ஊருக்கு வேறு எந்த நாளில் வருவார்கள்? திருமணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட பௌர்ணமி பார்த்துத்தான் வருகிறார்கள். நான் இங்கேயே வளர்ந்தவள். பௌர்ணமியன்று வெளியூர் வண்டி வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து, அதில் கேள்வி கேட்க ஒன்றுமில்லை என்று என் புத்தி மழுங்கிவிட்டது.

இப்போது அந்தக் குறிப்பிட்ட கோபுரத்துக்கு வருகிறேன். நானும் என் கணவரும் வேங்கிக்காலில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், பிறவியிலேயே பார்வை கிடையாது. பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரசு அலுவலகம் ஒன்றில் தொலைபேசி இயக்குபவர். அவருடைய மனைவி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறார், எட்டு மணிக்கே கிளம்பிவிடுவார். இவர் ஒன்பதரைக்குக் கம்பை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்படுவார். தெரு முனையில் நின்று ஒரு நிமிடம் கேட்பார். பேருந்து எது, லாரி எது, பேட்டரி ஸ்கூட்டர் எது என்று பிரித்துவிடுவார். பிறகு விறுவிறுவென்று சாலையைக் கடந்து போய்விடுவார். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் போயிருக்கிறார். யாராவது இரக்கப்பட்டுக் கையைப் பிடித்து இழுத்தால் அவருக்குச் சுர்ரென்று வரும். "உதவி பண்ணணும்னா உங்க முழங்கையைக் குடுங்க, நான் புடிச்சிக்கிறேன். மூட்டை மாதிரி இழுக்காதீங்க" என்பார். நான் மாடிப்படியில் கால் வைத்ததுமே, "மாடி வீட்டம்மா, இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டீங்க போல" என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பார். செருப்பு மாற்றினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

அந்தத் தெரு முனையில் இருந்த காலி மனையில்தான் கோபுரம் வருவதாக இருந்தது. பக்கத்து வீடு என்று எடுத்துக்கொள்ள வேண்டியது நாங்கள் இருந்த வீடு. கருவியை எங்கள் மொட்டை மாடியிலேயே வைக்கலாம் என்றதும் மேலாளருக்குச் சந்தோஷம். எனக்கும்தான், அலைச்சல் மிச்சம். "ஜனங்களுக்கு இப்பவே எதுவும் சொல்லிக்கிட்டிருக்காதே" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்காரரிடம், "ஆபீஸ் மெஷின் ஒண்ணு சார், ஒரு நாள் மாடியில வெச்சிட்டு எடுத்துடறோம்" என்றேன். "தாராளமா வைங்கம்மா" என்றார். பக்கெட்டில் தண்ணீர் பிடித்துவைத்து, மாடிக்கு வருகிறவர்கள் கால் கழுவிக்கொள்ளட்டும் என்றார்.

அன்றும் பௌர்ணமி. வேங்கிக்கால் பக்கம் தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டிருந்தார்கள். காலையிலிருந்தே சிறப்புப் பேருந்துகள், வேன்கள், அன்னதானப் பந்தலின் ஒலிபெருக்கி, போலீஸ் மைக். முள் வைத்த பழைய கருவியாக இருந்தால் முள் வளைந்தே போயிருக்கும். திரையில் எண் எழுபது டெசிபலுக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த எண்ணைத்தான் 'இவ்விடத்தில் வழக்கமாக நிலவும் ஒலியளவு' என்று அறிக்கையில் எழுதினேன். வழக்கமாக! அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யும்போது என் விரல் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஜெனரேட்டரால் வரும் கூடுதல் சத்தம் உணரத்தக்கதாக இராது என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

கட்டுமானம் ஆரம்பித்தது. துளை போடும் சத்தத்தில் பாத்திரமெல்லாம் அலமாரியில் ஆடியது. வீட்டுக்காரர் அதைப் பொறுத்துக்கொண்டார். கம்பை மடக்கிவைத்துவிட்டு, சக ஊழியர் ஒருவரின் வண்டியில் போய்வந்தார். "கட்டற வேலைன்னா சத்தம் இருக்கத்தாம்மா செய்யும், முடிஞ்சா நின்னுடும்" என்றவர், ஒரு நாள் என்னைக் கேட்டார்.

"நீங்கதான் இந்த டவர் கம்பெனிங்களுக்கு ஏதோ வேலை பாக்கறீங்களே. கட்டி முடிச்சப்புறம் சத்தம் இருக்குமாம்மா?"

"இருக்காது சார். இருந்தாலும் தெரியாது."

"நீங்க சொன்னா சரிதான்" என்று நிம்மதியாக உள்ளே போனார். அந்தக் கணக்கைப் போட்டதே நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கோபுரம் வந்தது, ஜெனரேட்டர் வந்தது. மின்சாரம் போனால் ஓடும் என்றார்கள். மின்சாரம் இருந்தாலும் வோல்டேஜ் கம்மி என்று காலை நேரத்தில் ஓட ஆரம்பித்தது. என் கணக்கில் ஜெனரேட்டர் பெட்டியின் கதவுகள் மூடியிருந்தன. இங்கே வெயிலுக்கு இயந்திரம் சூடாகி நின்றுவிடுகிறது என்று, பராமரிக்க வந்தவர் இரண்டு கதவையும் திறந்து செங்கல் வைத்துவிட்டுப் போயிருந்தார். உர்ர்ரென்று ஒரே சீராக ஓர் இரைச்சல். எங்களுக்கு எரிச்சல்தான். ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினோம். அவருக்கோ தெரு முனையே மறைந்துபோனது.

முதல் வாரம் அவர் முனையில் நிற்பதைப் பேருந்துக்குப் போகும்போது பார்த்தேன். ஒரு நிமிடம் நிற்பவர் பத்து நிமிடம் நின்றார். ஓர் அடி எடுத்துவைத்துவிட்டுப் பின்வாங்கினார். அடுத்த வாரம் மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றிய வேன் ஒன்று அவருக்கு ஒரு முழம் முன்னால் கிறீச்சிட்டு நின்றது. கம்பின் நுனி சக்கரத்தில் மாட்டி நசுங்கிவிட்டது. ஓட்டுநர் இறங்கி, "குருடனா நீ, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா" என்று கத்தினான். முதல் கேள்விக்கு ஆமாம் என்று அவர் பதில் சொன்னார். அதன் பிறகு ஆட்டோ வைத்துக்கொண்டார். ஆட்டோக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் தினமும் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலுவலக வாசலில் விடுவார். ஒரு சாயங்காலம் நான் படியேறும்போது உள்ளிருந்து, "யாரு?" என்று கேட்டார். அத்தனை வருடத்தில் அவர் என்னை யாரென்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றே பழைய அளவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். தேதியை நாள்காட்டியில் தேடினேன். முழு வட்டம் அச்சடித்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். கருவி இன்னொரு வேலைக்காக என்னிடமே இருந்ததால், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஜெனரேட்டர் நின்றிருந்த நேரமாகப் பார்த்து மாடியில் வைத்தேன். ஐம்பதைத் தாண்டவில்லை. மேலாளரைக் கூப்பிட்டேன்.

"சார், வேங்கிக்கால் ரிப்போர்ட் தப்பு. நாம பௌர்ணமி அன்னைக்கு அளந்திருக்கோம்."

"அதனால என்னம்மா? ஒரு நாள் அளக்கணும்னுதான் ரூல். எந்த நாள்னு ரூல்ல இல்லையே."

"மாசத்துல ஒரு நாள் வர்ற கூட்டத்தை வழக்கமான சத்தம்னு எழுதியிருக்கேன் சார். இங்க ஒருத்தர் ரோடு தாண்ட முடியாம நிக்கறார்."

"எழுதினது நீதானே? அப்ப ஏன் சொல்லல?" என்றவர், உடனே குரலை இறக்கினார். "ஃபைல் மூடியாச்சு. இதைக் கிளறினா இந்த மாவட்டத்துல நாம அளந்த எல்லாத்தையும் கிளறணும். எல்லாமே பௌர்ணமிதான். புரியுதா?"

புரிந்தது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவரைத் திட்ட வாயெடுத்தால் முதலில் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. "புரியுது சார்" என்று போனை வைத்துவிட்டேன். மூன்று வாரம் வீட்டில் எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்தேன். கணவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையில் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்.

அதற்குள் வீட்டுக்காரர் ஜெனரேட்டர் சத்தத்தைப் பற்றி அதிகாரிகளுக்குத் தானாகவே ஒரு மனு கொடுத்திருந்தார். எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழே கூப்பிட்டார். பதில் வந்திருப்பதாகவும், மனைவி கடைக்குப் போயிருப்பதால் நான் படித்துச் சொல்ல வேண்டும் என்றும் கவரை நீட்டினார். நல்ல வேளையாக அப்போது ஜெனரேட்டர் ஓடவில்லை.

படித்தேன். தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. இத்துடன் இணைத்துள்ள அறிக்கையின்படி, அவ்விடத்தில் வழக்கமாக நிலவும் ஒலியளவே அதிகமாக இருப்பதால், ஜெனரேட்டரின் சத்தம் உணரத்தக்கதாக இல்லை. தாளைத் திருப்பினேன். என் வாக்கியங்கள் வரிசையாக வந்தன. கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா நின்னுட்டீங்க? யாரு எழுதினதுன்னு போட்டிருப்பாங்களே, படிங்க."

என் பெயரைப் படித்தேன்.

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, "அளந்த தேதி போட்டிருக்கா?" என்றார். அதையும் படித்தேன். தொலைபேசியில் எத்தனையோ எண்களை மனப்பாடமாக வைத்திருப்பவர். ஒரு நொடியில் கண்டுபிடித்தார்.

"மாடியில மெஷின் வெச்சீங்களே, அன்னைக்கா? அன்னைக்கு நான் வீட்லதானே இருந்தேன். பௌர்ணமின்னா நான் லீவு போட்டுடுவேன்மா. அந்தக் கூட்டத்துல எனக்கு ஒண்ணும் பிரிச்சுக் கேக்காது, ரோட்டுல காலே வெக்க முடியாது. மாசத்துல என்னால வெளிய போவ முடியாத ஒரே நாளு அது. அதைப் போயி வழக்கம்னு எழுதியிருக்கீங்களே."

அளந்த நாளெல்லாம் பௌர்ணமி என்று மேலாளர் சொன்னதிலிருந்து, சாதாரணச் செவ்வாய்க்கிழமை வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மன்னிப்பு கேட்கவும் வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அழுவாதீங்க. அழுதா எனக்கு ரோடு கேக்குமா? பேப்பர் எடுங்க. நீங்க எந்த நாள் அளந்தீங்க, ஏன் அந்த நாள் அளந்தீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. அதே பேருல, அதே மாதிரி கையெழுத்துப் போடுங்க."

எழுதினேன். வேலை போகும் என்று தெரிந்தே எழுதினேன். மேலாளரின் கிரிவலத்தையும் விடவில்லை, திறந்துவைத்த கதவையும் விடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஆட்டோ வேண்டாம் என்றார். இருவரும் தெரு முனைக்கு வந்தோம். செங்கல் வைத்த கதவுகளுக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நான் முழங்கையை நீட்டினேன், அவர் பிடித்துக்கொண்டார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்தேன். கீழ்பென்னாத்தூர் பேருந்து ஒன்று தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

"ரோடு காலியா இருக்கு சார், வாங்க" என்று அவர் காதருகே கத்தினேன்.

அவர் நகரவில்லை. "நீங்க சொன்னா சரிதான்னு ஒருதபா நம்பியாச்சு" என்றார். "இன்னொருதபா நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க."

இன்னொரு தடவை பார்த்தேன்.