மூன்று பத்துக்கு வந்து உட்கார்ந்தவள்

இது நடந்தது. நம்பச் சொல்லி யார் காலிலும் விழப்போவதில்லை. தேதி, நேரம் எல்லாம் என்னிடம் இருக்கிறது. எழுதிவிட்டால் தூக்கம் வருமோ என்றுதான் எழுதுகிறேன்.

என் மனைவி பென்சிலால் வரைவாள். நான் கணினியில் நாலு வரி தட்டி ஏ.ஐ.யில் படம் உருவாக்குவேன். இருவரும் ஒரே இணையக் குழுவில் இருந்தோம். நாற்பது பேர். நடத்துபவர் ஒரு பல் டாக்டர். கணினிப் படம் என்றால் தட்டிய வரிகளையும் போட வேண்டும். கையால் வரைந்தது என்றால் தாளின் மேல் வரைந்தவர் கை தெரிய வேண்டும். முகத்தை யாரும் காட்டுவதில்லை. கைகளை வைத்துத்தான் ஒருவரையொருவர் தெரியும். ஒரு படத்தின் மேல் சந்தேகம் வந்தால், அவர் வரையும்போது நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அது குழுவின் வழக்கம்.

குழுவில் ஒருவருக்குக் கரிக்கட்டி என்று பட்டப்பெயர். கரியால்தான் வரைவார். எல்லாப் படத்திலும் அந்தக் கறுத்த கட்டைவிரல் இருக்கும்.

“இந்தாளு கோட்டைப் பாருங்க,” என்று என் மனைவி போனை என் மூக்குக்கு நேராக நீட்டுவாள்.

“என்னோடது?”

“உங்க படத்துல எல்லாரும் இப்பதான் குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்காங்க.”

சிரித்துவைப்பேன். உள்ளே எரியும்.

எட்டு மாதத்துக்கு முன்பு இறந்துவிட்டாள். மூளையில் கட்டி. அறுவை சிகிச்சைக்காகத் தலையை மழித்திருந்தார்கள்.

அதற்குப் பின் எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. போட்டோக்களில் அவள் கேமராவைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்க வேண்டும். ஒரு தடவை. கணினியில் எப்படியெல்லாமோ தட்டிப் பார்த்தேன். வந்தவர்கள் எல்லாம் யாரோ.

போன மாதம்தான் மறுபடி குழுவுக்குள் போனேன். கரிக்கட்டி ஞாயிறுதோறும் படம் போட்டிருந்தார். மர நாற்காலியில் ஒரு பெண். முதுகுப்பக்கம் மட்டும்.

முதல் படத்தில் மொட்டைத் தலை. பிடரியில் தையல் தழும்பு, இடப்பக்கம் வளைந்து.

அந்த வளைவு எனக்குத் தெரியும்.

அடுத்தடுத்த படங்களில் முடி வளர்ந்து தழும்பை மூடிக்கொண்டு வந்தது. கடைசிப் படத்தில் காதைத் தொட்டிருந்தது. என்னிடம் இருந்தபோது இழந்த முடி... அங்கே வளர்கிறது.

அந்தத் தழும்பை நான் போட்டோ எடுத்ததே இல்லை. அப்படியென்றால் எடுத்தது யார்?

பல் டாக்டருக்குப் போன் செய்தேன்.

“சார், அது கைவேலை இல்ல. என் மனைவி போட்டோவை மெஷின்ல போட்டு எடுத்திருக்கான்.”

“படத்துல கை இருக்கேப்பா.”

“கையையும் மெஷினே போடும் சார்.”

“அப்போ போய்ப் பக்கத்துல உக்காருங்க. அட்ரஸ் தர்றேன்.”

அடுத்த ஞாயிறு. பிற்பகல் 2.50. இரண்டாவது மாடி. கரிக்கட்டியின் அக்கா கதவைத் திறந்தார். கரிக்கட்டிக்கு என் வயதுதான் இருக்கும். அதைக் கண்டதும் உள்ளே இன்னும் எரிந்தது. அறையில் ஒரு வரைபலகை. எதிரே மர நாற்காலி. காலி.

“மாடல் எங்க?”

“வருவாங்க. உக்காருங்க.”

வெளியே நல்ல வெயில். மின்விசிறியைக்கூடப் போடவில்லை.

3.10.

கிரீச்...

நாற்காலி முனகியது. அதில் யாரும் இல்லை.

கரி தாளில் ஓடத் தொடங்கியது. சரக்... சரக்... கழுத்து வந்தது. காது வந்தது. கொஞ்சம் இறங்கிய வலது தோள் வந்தது. அவள் தோள்.

“யாரு இவங்க?” என்று கேட்டேன்.

“தெரியல சார். கை மட்டும் எங்கயோ பாத்த கை மாதிரி.”

“பேசுவாங்களா?”

“நிறைய.”

நிறைய.

“என்னைப் பாக்கச் சொல்லுங்க.”

கரி நின்றது. அவர் தலையைச் சாய்த்தார். எதையோ கேட்பதுபோல்.

3.22.

“சொன்னேன்.”

“என்ன சொல்றா?”

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“வேண்டாமாம்.”

கிரீச்...

நாற்காலி சுவர்ப்பக்கம் திரும்பியது. தானாக. அரை அடி.

எழுந்தேன். படியில் இறங்கும்போதுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது.

நேற்று அவர் அக்கா என் வீட்டுக்கு வந்தார். கையில் காகிதக் கட்டு.

“நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து அந்தம்மா வர்றதில்லையாம். தம்பி வரையறதையே விட்டுட்டான். இதெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தேதியும் நேரமும் இருந்தன. அடியில் பதினொரு தாள்கள். குழுவில் போடாதவை. தலையில் கட்டோடு அவள். முதுகு அல்ல. முகம். வரைபவனை நேராகப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

தேதிகளைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

பதினொன்றும் அவள் இறப்பதற்கு முந்தையவை. நேரம் எல்லாவற்றிலும் 3.10. அந்தப் பதினொரு நாளும் அவள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். பார்க்க விடுவது மூன்றிலிருந்து நாலு வரை. ஒரு நாள்கூடத் தவறாமல் போனேன். அந்த ஒரு மணி நேரமும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கை சூடாகத்தான் இருந்தது.