தலையில் ஏறிய பேனல்

யாரோ கழற்றிப்போட்ட பழைய சோலார் பேனல்களில் உயிருள்ளதைப் பொறுக்கி விற்பதுதான் அவர் பிழைப்பு. மீட்டரும் கையுமாகவே அலைவதால் எல்லாருக்கும் அவர் ‘மீட்டர் அண்ணன்’. விற்றதைத் தானே தலையில் தூக்கிப்போய்க் கொடுப்பார். ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வார்.

தங்கை வீட்டு ஃபேனுக்கென்று மணியான ஒரு பேனலை எடுத்தார். கடை வாசல் வெயிலில் மீட்டர் முள் ஜம்மென்று ஏறியது. தலையில் வைத்து, குறுகலான படிகளில் ஏறி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். அதே வெயில், அதே மீட்டர். முள் பாதியிலேயே படுத்துக்கொண்டது.

“கீழ நல்லாத்தானேண்ணே இருந்துச்சு?” என்றாள் தங்கை.

பேனலின் ஓரத்தைக் கையால் மறைத்தார். முள் இறங்கியது. நடுவை மறைத்தார். அசையவே இல்லை. அங்கே வெயில் பட்டாலும் ஒன்றுதான், படாவிட்டாலும் ஒன்றுதான். கண்ணாடி உடையாமலே உள்ளே செல்கள் விரிசல் விட்டுச் செத்திருந்தன, சரியாக அவர் தலை அழுத்திய இடத்தில். ஓடவில்லை என்று வந்தவர்களையெல்லாம், “வயரை ஒழுங்கா மாட்டத் தெரியாதா?” என்று விரட்டியிருக்கிறாரே, பாவி மனுஷன்!

“வேற ஒண்ணு கொண்டாண்ணே. படுத்த படுக்கையா கிடக்கிற என் வீட்டுக்காரருக்குப் புழுக்கம் தாங்கல.”

கடைக்குப் போய் இன்னொன்றை எடுத்தார். தலையில் வைக்காமல் அந்தப் படியில் நிறுத்திப் பிடித்து ஏற்ற இரண்டு பேர் வேண்டும். தங்கைக்கு அந்தக் கனம் தாங்காது; தூக்க இருந்தது அவர் ஒருவர்தான். துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, பேனலை ஏற்றிக்கொண்டார்.

மேலேயிருந்து தங்கை கத்தினாள்: “பாத்துண்ணே, கண்ணாடி!”