கணவாய் விட்ட தண்ணீர்

மன்னார்ச் சந்தையில் வாங்கிய ஒரு கிலோ கணவாய் மீனை, வாழ்க்கையில் முதன்முறையாக நானே அடுப்பில் வைத்தேன். நான் தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. மூடியைத் திறந்து திகைத்துப்போனேன். சட்டி நிறையத் தண்ணீர். அடியில் சுருங்கிப்போய் ஒரு பிடி கணவாய்.

அம்மா செத்த வருடம், எங்கள் ஊர் வங்காலையில் ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை; ஒருசந்தி நோன்பு நாள். பதினொரு வயது அக்கா ஆக்கிய கணவாயும் இப்படித்தான் கிடந்தது.

"ஒருசந்தி நாளில களவாத் திண்டனியோ?" கடலிலிருந்து வந்த அப்பா அவளை மாதா சொரூபத்தின் முன் பொழுதுபடும்வரை முழங்காலில் நிறுத்தினார்.

"தண்ணியாப் போச்சு அப்பா" என்று அழுதாள். நானும் நம்பவில்லை. வளர்ந்த பிறகும் 'கள்ளி' என்றே பழித்தேன்.

அவளுக்குப் போன் எடுத்தேன். "அக்கா, கணவாய் தண்ணியாப் போச்சு."

அக்கா கேட்டாள்:

"இவ்வளவு காலமும் நீ ஒருநாளும் அடுப்படிக்குப் போகேல்லையோடா?"