எடைக்கு எடை

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைக் குடும்பத்தில் பிறந்தவர் குருநாதன். 1953இல் சென்னை ராஜ்யத்தின் அமெச்சூர் குத்துச்சண்டைச் சாம்பியன். அப்பேர்ப்பட்டவர் நான்கே வருடத்தில் கொடைக்கானலுக்கு மேற்கே ஒரு மலைக்கிராமத்துக்கு ஓராசிரியர் பள்ளி வாத்தியாராகப் போகிறேன் என்றபோது, வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவரோ கம்பளியைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மலையில் ராஜ மரியாதை. சாம்பியன் கையால் அடி வாங்கினால் படிப்பு தானாக ஏறிவிடும் என்று ஊரே நம்பியது. முதல் வாரமே முப்பத்தொரு பிள்ளைகள். ஒவ்வொரு தகப்பனும், "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்" என்று சொல்லித்தான் விட்டுப்போனான்.

சார் தோலை உரிக்கவில்லை. காதைக்கூடத் திருகவில்லை. அடிக்காத வாத்தியாரிடம் என்ன படிப்பு இருக்கும்? ஏமாந்துபோன ஊர், பூண்டு பிடுங்கவாவது உதவட்டும் என்று பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்விட்டது. மிஞ்சியது ஒன்பது பேர். மாதக் கடைசிக்குள் இருபது பேர் சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவோம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போனார். கோதாவில்கூடக் குருநாதன் அப்படிப் பயந்ததில்லை.

பூண்டு எடைபோடும் களத்துக்கே போய்க் கெஞ்சினார். ஊரில் சொல்வாக்குள்ள திருமலைச்சாமி, தன் மகள் வீரம்மாளை முன்னால் தள்ளிவிட்டு, புதிதாக வெட்டிய விளார்க் குச்சியை நீட்டினார்.

"நாலு போடு போடுங்க சார். ஊரே பாக்கட்டும். நாளைக்கே எல்லாப் புள்ளைகளையும் அனுப்புறோம்."

நாலே நாலு அடி. பள்ளிக்கூடம் பிழைத்துவிடும். குருநாதன் அந்த எட்டு வயதுப் பெண்ணைப் பார்த்தார். நேராகப் போய்ப் பூண்டு மூட்டை நிறுக்கும் பெரிய தராசின் ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அந்தத் தட்டுல புள்ளைகள வெரசா ஏத்துங்க."

வீரம்மாள் ஏறினாள். தராசு அசையவில்லை. இன்னொரு பிள்ளை ஏறியது. மூன்றாவதும் ஏறிய பிறகுதான் வாத்தியார் மேலே எழும்பினார். களமே சிரித்தது.

"குத்துச்சண்டையில எடைக்கு எடை பாத்துத்தாங்க எறக்குவாங்க. என் ஒருத்தன் எடைக்கு இதுக மூணு வேணும். ஒத்தப் புள்ளைய எப்படிங்க அடிப்பேன்?"

சிரிப்பு நின்றது. திருமலைச்சாமியின் முகம் இறுகியது. "அப்ப வீட்டுல நான் அடிக்கிறது?"

"நீங்க என்னையவிடக் கனமுங்க."

அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அன்று முழுக்கக் குருநாதனுக்கு மனசு அடித்துக்கொண்டது. பள்ளியை நாமே மூடிவிட்டோம் என்றே முடிவுகட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், வாசலில் திருமலைச்சாமி. அவர் கையைப் பிடித்தபடி வீரம்மாள், பின்னால் பாதி ஊர்ப் பிள்ளைகள். அன்று பதிவேட்டில் இருபத்தாறு பேர். அந்தப் பள்ளி 1967 வரை குருநாதன் பொறுப்பில்தான் இருந்தது.

பெயரெல்லாம் எழுதி முடித்தும் திருமலைச்சாமி போகாமல் நின்றார். என்னவென்று கேட்டதற்கு, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"நேத்து இவ தலையத் தடவலாம்னு கையத் தூக்குனேன் சார். கண்ண இறுக்கி மூடிக்கிட்டா."