எண்ணாமல் விட்ட ஆட்டம்

டென்னிஸ் திடலைப் பார்த்துக்கொள்கிற கூலிக்கு வெயிலிலும் வேலை உண்டு, மழை விட்ட பிறகும் வேலை உண்டு. ஆட்டம் மட்டும் கிடையாது. அடுத்தவர் விளையாடுவதற்காக உருளை இழுத்து முதுகு வளைந்தவர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மலாயாவில் சுவா என்ற ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், துரைமார் கிளப்பில் எனக்கு அந்த வேலை. செம்மண்ணைச் சமன் செய்ய வேண்டும், சுண்ணாம்பால் கோடு போட வேண்டும், பந்து பொறுக்க வேண்டும்.

துரைசாணியின் பழக்கம்

வாரநாளில் துரைசாணிக்கு ஜோடி கிடைக்காது. ஒருநாள் ஆத்திரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்த என் அக்கா அஞ்சலையைக் கூப்பிட்டு ஒரு பழைய மட்டையைக் கையில் கொடுத்தாள். பால்மரம் வெட்டின கை அது. எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும். வருஷம் திரும்புவதற்குள் வெறுங்காலோடு ஆடி துரைசாணியை மூச்சு வாங்க வைத்தாள். ஆனால் துரைசாணி ஒரு சட்டம் வைத்திருந்தாள். அக்காவோடு ஆடுவது வெறும் பழக்கம், அதற்கு எண்ணிக்கை சொல்லக் கூடாது.

கிளப்பில் கோப்பைக்கு ஆடிய அன்று அக்கா செம்பருத்தி வேலிக்கு வெளியே நின்றாள். உயர நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல, துரைசாணி ஜெயித்தாள். கோப்பையோடு வேலியோரம் வந்து அக்காவிடம் சொன்னாள்: "நீ நல்ல பொண்ணு, அஞ்சலை. உன்னாலேதான் என் கை நல்லா ஓடுது. அங்கேயே நில்லு, பந்து வெளியே வந்தா எடுத்துப் போடு."

காணாமல் போன அஞ்சு

அன்று சாயங்காலம் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அக்கா என்னிடம் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டாள். முதல் பந்துக்குப் பதினைந்து, அடுத்ததற்கு முப்பது, அதற்கடுத்து நாற்பது என்றேன். நாற்பத்தைந்துதானே வரவேண்டும் என்றாள். எனக்குத் தெரியவில்லை. ஒருமுறையாவது தன் ஆட்டத்தையும் அந்த நாற்காலியிலிருந்து ஒருவர் கடைசிவரை எண்ணிச் சொல்லக் கேட்க வேண்டும் என்றாள். அவள் வேறு எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த அஞ்சு எங்க போச்சுன்னு தெரியலையா தம்பி? நம்ம கூலிக் கணக்குல எடுக்கற மாதிரி கிராணி எடுத்திருப்பாரு."

நம்ம ஆள் ராஜ்யம்

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரர்கள் காரேறிப் போய்விட்டார்கள். துரைசாணி தன் நல்ல மட்டையை அக்காவிடம் கொடுத்து, திரும்பி வரும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாள். கிளப் சாவி, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி கைக்குப் போனது. அவர் தமிழர்தான். எங்கள் கோயிலில் முதல் விபூதி வாங்குகிறவர். அவரும் மற்ற கிராணிமாரும் ஆடத் தொடங்கினார்கள். இனி வேலிக்குள்ளே போகலாம் என்று அக்கா நம்பினாள். மட்டையோடு போய், பெண்கள் ஆடும் நாளில் தன்னையும் ஓர் ஆட்டம் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டாள்.

அவர் அவள் காலைத்தான் பார்த்தார். "இந்தக் காலோட உள்ள வருவியா? எங்க வீட்டுப் பொம்பளைங்க ஆடற இடம் இது. போ, போய் மரவள்ளி நடு."

பில்லியர்ட் துணி

கொஞ்ச நாளில் பந்து தீர்ந்துபோனது. சுற்றிலும் ரப்பர் மரம், ஆடப் பந்து இல்லை. மரத்தில் வழிந்து உறைந்த ஒட்டுப்பாலை உருட்டிக் காயவைத்து, கிளப்பின் பில்லியர்ட் மேசைத் துணியைக் கிழித்து மேலே தைத்துக் கொடுத்தேன். பச்சைப் பந்து ஒன்று குதிரை மாதிரி துள்ளும், ஒன்று செத்த தவளை மாதிரி கிடக்கும். கிராணி அதை அடித்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொன்ன நன்றி இதுதான்: "உன் மூஞ்சி மாதிரியே செஞ்சிருக்கே."

உயர நாற்காலி

ஜப்பான் அதிகாரி ஒருவன் ஆட வந்தான். கிராணி பயந்து எல்லாப் பந்தையும் விட்டுக்கொடுத்தார். அவனுக்குச் சலித்துப்போனது. ஒரு பந்து வேலி தாண்டி மரவள்ளிக் கொல்லையில் விழுந்தது. அங்கே களை கொத்திக்கொண்டிருந்த அக்கா மண்வெட்டியின் பின்பக்கத்தால் அதைத் தட்டினாள். அது அவன் காலடியில் போய் நின்றது. அவன் சிரித்தான். அவளை உள்ளே அழைத்து, கிராணியை நாற்காலியில் ஏறி எண்ணச் சொன்னான்.

ஏறுமுன் கிராணி அவளிடம், தோற்றுவிடு, இல்லாவிட்டால் எல்லோருக்கும் அடி என்று முணுமுணுத்தார். அவள் கேட்கவில்லை. அவள் பெயரோடு பதினைந்து, முப்பது என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. லயமே வேலியோரம் நின்றது. இன்னும் ஒரு பந்து எடுத்தால் அவளுக்கு ஜெயம். அடித்தாள். பந்து நான் போட்ட கோட்டின் மேலேயே விழுந்தது. கோட்டில் பட்டால் உள்ளே என்றுதான் கணக்கு. கிராணி வெளியே என்றார்.

அக்கா மட்டையை இறக்கி நிமிர்ந்து பார்த்தாள். "ஏற்கெனவே அந்த அஞ்சை எடுத்துக்கிட்டீங்க, கிராணி ஐயா. இதையுமா எடுக்கணும்?"

சுண்ணாம்பு

அஞ்சு எங்கே போச்சு என்ற கேலி லயம் முழுக்கப் பரவியிருந்தது. கூட்டம் சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று அதிகாரி மலாயில் கேட்க, கிராணி ஏதோ உளறினார். அவன் வந்து பந்தை எடுத்துப் பார்த்தான். பச்சைத் துணியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. கிராணியை இறங்கச் சொல்லிக் கன்னத்தில் அறைந்தான். அக்காவுக்காக அறைந்தான் என்று நினைக்காதீர்கள். கிராணி பொய் சொல்லித் தன்னைத் தோல்வியிலிருந்து காப்பாற்றியது அவனுக்கு அவமானம். பந்தை எறிந்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டான். நாற்காலி காலியாக நின்றது, கடைசி எண்ணிக்கையை யாரும் சொல்லவில்லை.

அக்கா கோட்டருகே குனிந்து, பந்து பட்ட தடத்தைத் தொட்டுப் பார்த்தாள். "தம்பி, இது முடிஞ்ச ஆட்டமா, முடியாத ஆட்டமா?"

திரும்பி வந்தபோது

அறை வாங்கியவர் சும்மா இருப்பாரா? சயாமுக்கு ரயில் போட ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது என் பெயரைத்தான் முதலில் கொடுத்தார். காய்ச்சலிலும் புண்ணிலும் நான் சாகாமல் திரும்பியபோது அக்கா இல்லை. பசியும் மலேரியாவும் சேர்ந்து கொண்டுபோய்விட்டன. திடல் முழுக்க மரவள்ளி. கிராணி மட்டும் சதை குறையாமல் இருந்தார். நான் கேட்காமலேயே சொன்னார்: "அவளைத்தான் முதல்ல அங்க கொத்தச் சொன்னேன். திடலுக்குள்ள வரணும்னு ஆசைப்பட்டாளே."

ஜப்பான்காரன் தோற்றுப் போயிருந்தான். அடுத்து துரைசாணி திரும்பி வந்தாள். மட்டையைக் கொடுத்தேன், அக்கா அதைத் துணியில் சுற்றி லயத்துக் கூரையில் செருகி வைத்திருந்தாள். அஞ்சலை இறந்துவிட்டாள் என்றேன். நரம்பை விரலால் தட்டிப் பார்த்தபடி, "ஐயோ பாவம், நல்லா வெச்சிருந்தா. சரி, கெழங்கெல்லாம் புடுங்கிட்டுச் சீக்கிரம் கோடு போடு" என்றாள்.

போட்டேன், ஆயுசு முழுக்கச் சுண்ணாம்பு பூசி நான் தெரிந்துகொண்டது, கோடு போடுகிறவன் ஒருத்தன், உள்ளே வெளியே என்று சொல்கிறவன் எந்த ராஜ்யத்திலும் வேறொருத்தன் என்பதைத்தான்.